வள்ளத்திலும் வகுப்பறையிலும் உருண்டை எழுத்து

இலங்கையின் மன்னார் மாவட்டத்திலுள்ள வங்காலைக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் பைபர் வள்ளங்களில் இரண்டு வகை எழுத்தைப் பார்க்கலாம். ஒன்று கடற்றொழில் திணைக்களத்தின் பதிவிலக்கம். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த அது விறைப்பாக, ஒரே அளவாக நிற்கும். மற்றது வள்ளத்தின் பெயர். புனிதர் ஒருவரின் பெயரோ வீட்டுப் பிள்ளையின் பெயரோ எனாமல் பெயின்ரில் தூரிகையால் எழுதப்பட்டிருக்கும். அதன் கோடுகள் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தடிப்பு. முனைகள் உருண்டை. ப, ம, ட போன்ற மூலையுள்ள எழுத்துகளிலும் மூலை மழுங்கியிருக்கும். எழுதியவரின் கை எங்கே தயங்கியது, எங்கே விரைந்தது என்பதும் தெரியும். பதிவிலக்கம் அரசுக்காக எழுதியது; பெயர் ஊருக்காக எழுதியது.

கணினி எழுத்துருக்களிலும் இந்த இரண்டாவது வகை உண்டு. கையால் வரைந்ததுபோன்ற தோற்றம், உருண்ட முனை, ஒரே தடிப்பு, கோடு முடியும் இடத்தில் பாதம் இல்லாத அமைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். சிறுவர் நூல்களிலும் பிஸ்கட் பைக்கற்றுகளிலும் கைபேசிச் செயலிகளிலும் அதைத்தான் அதிகம் காண்கிறோம். வாசிப்பவரை அருகே அழைக்கும் எழுத்து என்ற பெயர் அதற்கு. இந்த வகையின் தோற்றம் எங்கிருந்து வந்தது, தமிழில் எவ்வளவு சரியாக அமைந்திருக்கிறது, வங்காலை போன்ற ஒரு கடற்கரை ஊரில் அதை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருண்டை எழுத்தைத் தமிழ் வெளியிலிருந்து கடன்வாங்க வேண்டியதில்லை. ஆனால் இன்று நமக்குக் கிடைக்கும் உருண்டை எழுத்துருக்களில் பல, தமிழ் எழுதும் கையைப் பார்த்து உருளாமல் லத்தீன் அச்சைப் பார்த்து உருண்டவை. அந்தக் குறையைத் தீர்க்கும் மாதிரிகள் நம்முடைய கரைகளிலேயே கிடக்கின்றன.

உருட்சி எங்கிருந்து வந்தது

எழுத்தின் முனையை எழுதும் கருவிதான் தீர்மானிக்கிறது. ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம். விரலால் இழுத்த கோட்டுக்கு உருண்ட முனைதான் வரும், தடிப்பும் மாறாது. திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகிய தலைமுறைகளுக்கும் முதல் எழுத்து இதே வடிவில்தான் அறிமுகமானது. ஆக, தமிழ்ப் பிள்ளை கற்ற முதல் எழுத்து நெடுங்காலமாகவே உருண்ட முனையுடையது.

ஓலையில் நேர்கோடு கீறினால் கிழியும், அதனால்தான் தமிழ் எழுத்து வளைந்தது என்று பலரும் சொல்கிறார்கள். இதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. கல்லில் வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்துகள் கோணலும் நேர்கோடுமாக இருந்தன. பின்னர் வந்த வட்டெழுத்து நன்றாக வளைந்தது. ஆனால் இன்று நாம் எழுதும் தமிழில் ட, ப, ம, ய ஆகியவை நேர்கோட்டையும் மூலையையும் விட்டுவிடவில்லை. ஓலையில் எழுதும் கை அந்த மூலைகளை மெல்ல வளைத்து எழுதியது. அச்சு எழுத்து வந்தபோது மூலைகள் மறுபடி கூராயின. தமிழின் வளைவு ஓலை என்ற ஒரே காரணத்தால் வந்ததென்று முடித்துவிட்டால், எழுதியவர்களின் கைப்பழக்கமும் விரைவும் கணக்கில் வராமல் போய்விடும்.

தமிழ் அச்சின் முதல் அத்தியாயத்துக்கும் மன்னார்க் கரைக்கும் தொடர்பு உண்டு. முத்துக்குளித்துறையில் பணிபுரிந்த அண்டிரிக் அடிகளார் மன்னாரிலும் பணிசெய்தவர். அவர் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578 ஒக்டோபர் 20 இல் கொல்லத்தில் அச்சாகி முடிந்தது. அதற்கு முதலாண்டு கோவாவிலும் பின்பு கொல்லத்திலும் தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்த்தார்கள். 16 பக்கங்கள் கொண்ட அந்தச் சிறு நூலின் எழுத்துகள் ஓலையில் எழுதும் கையைப் பின்பற்ற முயன்றவை. பின்னர் தரங்கம்பாடி மிஷனரிகளுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட எழுத்துகள் பருமனாக இருந்தன; 1715 அளவில் வெளிவந்த புதிய ஏற்பாட்டுக்காகச் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடிப் பகுதியிலேயே வார்க்க வேண்டியிருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் சென்னையின் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் செய்த எழுத்துகள் நுட்பமும் தெளிவும் கூடியவை. 1862 இல் வெளிவந்த வின்சுலோ அகராதியைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். உலோக அச்சு சிறிய இடத்தில் நிறையச் சொல்லக் கற்றுக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலை, கையின் உருட்சி. பக்கத்தில் கூர்மூலை வந்தது, தடிப்பு மெலிவு வந்தது. கையின் எழுத்து சுவருக்கும் வள்ளத்துக்கும் வண்டிக்கும் கடைப்பலகைக்கும் இடம்பெயர்ந்தது. ஊர் ஓவியர்கள்தான் அதை இன்றுவரை காத்தவர்கள்.

மேற்கிலும் உருண்ட முனை கருவியிலிருந்துதான் வந்தது. பெயர்த்தகடுகளில் எழுத்து வெட்டும் இயந்திரத்தின் முனை சுழன்றுகொண்டே நகரும். அது விட்டுச்செல்லும் பள்ளத்தின் இரு முனையும் உருண்டுவிடும். கதவுத் தகடு, கப்பல் அறைத் தகடு, இயந்திரப் பொத்தான் என்று எல்லா இடத்திலும் அந்த எழுத்து பரவியது. 1979 இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் தன் முகவர் நிலையங்களுக்காகச் செய்வித்த வேக் ரவுண்டட் என்ற எழுத்துரு பிறகு பொதுப் பயனுக்கு வந்து, பல ஆண்டுகள் அப்பிள் விசைப்பலகைகளின் எழுத்தாகவே இருந்தது. இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் பலர் பெயர் தெரியாமலே அதைத் தட்டியிருப்பார்கள்.

கொமிக் சான்ஸ் தந்த பாடம்

கையால் வரைந்த உருண்டை எழுத்துருக்களில் உலகறிந்தது கொமிக் சான்ஸ். மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வின்சென்ட் கோனேர் 1994 இல் அதை வரைந்தார். சிறுவர்க்கும் புதியவர்க்குமான ஒரு மென்பொருளில், கேலிச்சித்திர நாய் ஒன்று பேசும் பேச்சுக் குமிழியில் செய்தித்தாள் எழுத்தான டைம்ஸ் நியூ ரோமனை வைத்திருந்தார்கள். நாய் அப்படிப் பேசாது என்று அவருக்குப் பட்டது. சித்திரக்கதை நூல்களின் கையெழுத்தைப் பார்த்துப் புதிய எழுத்தை வரைந்தார். பிறகு அது விண்டோசோடு சேர்ந்து உலகம் முழுதும் போனது. அறிவித்தல், அழைப்பிதழ், வைத்தியசாலைக் குறிப்பு, கல்லறைப் பலகை என்று எங்கும் ஒட்டப்பட்டது. அதைத் தடைசெய்யக் கோரி ஓர் இயக்கமே எழுந்தது. 2012 ஜூலை 4 இல் சேர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகள் பற்றிய கண்டுபிடிப்பை இயற்பியலாளர் பபியோலா ஜியானொட்டி அறிவித்தபோது அவருடைய விளக்கத் திரைகளில் இருந்ததும் இந்த எழுத்துதான். துகளைப் பேசியவர்களோடு எழுத்தைப் பேசியவர்களும் அன்று திரண்டார்கள்.

எழுத்து தவறில்லை, வைத்த இடம்தான் தவறு. நாயின் குமிழிக்குள் அது மிகப் பொருத்தமான எழுத்து. இன்னொன்றும் உண்டு. வடிவமைப்பாளர் பலர் வெறுத்த அதே எழுத்தை, டிஸ்லெக்சியா எனும் வாசிப்பு இடர்பாடு உள்ளவர்களுக்கு ஏற்றவற்றில் ஒன்றாகப் பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கம் தன் வழிகாட்டியில், ஏரியல் போன்றவற்றோடு சேர்த்துச் சொல்கிறது. எழுத்துகளுக்கிடையே தாராளமான இடைவெளி விடுவது அத்தகைய சிறுவருக்கு உதவுவதாக ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

இந்த முடிவுகளைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்துவிட முடியாது. லத்தீனில் பிள்ளைகள் தடுமாறுவது கண்ணாடியில் திருப்பிப் பார்த்தது போன்ற எழுத்துகளில். தமிழில் அந்த வகைச் சோடிகள் இல்லை. நம் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் வேறு. ஆகவே தமிழுக்கு எது நட்பான எழுத்து என்பதைத் தமிழ் எழுத்துகளை வைத்தே கேட்கவேண்டும்.

தமிழில் இன்று கிடைப்பவை

இந்த வகையில் தமிழில் முதன்மையாகச் சொல்ல வேண்டியது பலூ தம்பி. மும்பையின் ஏக் டைப் குழு 2016 அளவில் வெளியிட்ட பலூ என்ற பெருங்குடும்பத்தின் தமிழ்க் கிளை இது. தமிழ் எழுத்துகளை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். கரடியின் பெயரைச் சுமந்த அந்தக் குடும்பத்தில் பல மொழிகளுக்கு உறவுப்பெயர் ஒன்றைச் சேர்த்தார்கள்: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி, வங்காளத்துக்குத் தா, தமிழுக்குத் தம்பி. முதலில் தடித்த எழுத்து மட்டும் வந்தது. பின்பு வந்த பலூ தம்பி 2 இல் சாதாரணத் தடிப்பிலிருந்து மிகத் தடித்ததுவரை ஐந்து தடிப்புகள் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் வங்காலையின் ஒரு முன்பள்ளியும் கொழும்பின் பெரிய விளம்பர நிறுவனமும் ஒரே மாதிரி, காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கவும் செய்யலாம். தலைப்பில் அது மிக நன்றாக நிற்கிறது. கோடுகள் கொழுத்திருந்தாலும் வளைவுகளில் உயிர் இருக்கிறது. ஒரு குறை: மேலே ஏறும் 'ி', 'ீ' கொக்கிகளுக்கும் கீழே இறங்கும் 'ு', 'ூ' வால்களுக்கும் இடம் கொடுக்க வேண்டியிருப்பதால் வரிக்கு வரி கூடுதல் இடைவெளி கேட்கிறது. கவனியாமல் அடுக்கினால் வரிகள் ஒன்றோடொன்று முட்டும்.

பிரேசில் வடிவமைப்பாளர் மார்செலோ மகல்யாஸ் வரைந்த கொய்னி இன்னும் கொழுத்தது. இனிப்புக் கடைப் பலகைக்கு ஏற்றது, பந்திக்கு ஏலாது. போர்த்துக்கல்லின் நட்டானியேல் காமாவின் பட்டறையிலிருந்து வந்த அரிமா மதுரை மென்மையான முனையும் எழுதுகோல் சாயலும் கொண்டது. தமிழுக்கு முதல் உலோக எழுத்து போர்த்துக்கீசர் காலத்தில் வந்ததை நினைத்தால், நான்கு நூற்றாண்டுக்குப் பிறகு அதே நாட்டிலிருந்து ஒரு தமிழ் எழுத்துரு வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சியான செய்தி. இலங்கையைப் பொறுத்தவரை தாரிக் அஸீஸின் கவிவாணர் முக்கியமானது. சாய்ந்த கையெழுத்துச் சாயலில் அமைந்த அது முழு உருண்டை வகையில் சேராது. ஆனாலும் தமிழ் எழுதும் கையின் திசையும் வேகமும் அதில் தெரிகின்றன. இவை எல்லாம் கூகுள் எழுத்துருக் களஞ்சியத்தில் இலவசமாக இருக்கின்றன.

இருந்தும், மன்னார்ப் பக்கத்து பனர்களில் இவற்றைவிடப் பழைய பாமினி முறை எழுத்துருக்களே அதிகம் வருகின்றன. காரணம் எளிது. இலங்கையில் ஒரு தலைமுறையே பாமினி விசைப்பலகையில் தட்டப் பழகியது. அலங்கார எழுத்துகள் பலவும் அந்தக் குறிமுறையில் செய்யப்பட்டவை; பனர் கடைகளின் கணினிகளில் அவை நிரம்பியிருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் போய் ஆங்கிலக் குப்பை வரும். புதிய உருண்டை எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோட்டில் இருப்பதால், கடைக்காரர் தட்டும் முறையை மாற்றினால்தான் அவை ஊருக்கு வந்துசேரும். பாமினிப் பழக்கத்தை மாற்றாமலே யூனிகோட்டில் தட்டும் வசதிகள் இருக்கின்றன என்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பின்னேரம் போதும்.

உருட்டும்போது உடையும் எழுத்துகள்

ஆய்வின் மையம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லத்தீன் எழுத்தின் முனையை உருட்டினால் அதன் அடையாளம் பெரும்பாலும் கெடாது. தமிழில் சில எழுத்துகள் மூலையாலும் சிறு வாலாலும் சுழியின் எண்ணிக்கையாலும் மட்டுமே வேறுபடுகின்றன. அவற்றை அறியாமல் உருட்டினால் எழுத்து மாறிவிடும்.

முதலில் 'ர'வும் கால் எனும் 'ா'வும். பழைய அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. இப்போது 'ர'வின் அடியில் ஒரு சாய்ந்த கோடு வைத்துப் பிரிக்கிறோம். தடித்த உருண்டை எழுத்துருவில் அந்தச் சாய்கோடு சிறுத்து ஒரு மொட்டாகிவிடுகிறது. 'மன்னார்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் காலும் 'ர்'உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. புள்ளி ஒன்றுதான் காப்பாற்றுகிறது. அந்தோனியார், மாதா கோயிலார் என்று நம் கரையில் எழுதப்படும் சொற்களில் பாதி இப்படித்தான் முடிகின்றன. வள்ளத்தில் பெயர் எழுதும் ஓவியர் அந்தச் சாய்கோட்டைத் தாராளமாக வெளியே இழுத்து எழுதுவது அலங்காரத்துக்காக மட்டும் இருக்க முடியாது. தூரத்தில் வரும் வள்ளத்தைப் பெயரால் அறிய வேண்டியவர்களுக்காக எழுதப்பட்ட எழுத்து அது.

அடுத்தது சுழிகள். இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' என்று சொல்லித்தான் ஆசிரியைகள் படிப்பிக்கிறார்கள். கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுப் போகும். சுழியை எண்ண முடியாவிட்டால் அந்தப் பாடமே விழுந்துவிடும். நல்ல வடிவமைப்பாளர் சுழியுள்ள இடத்தில் மட்டும் கோட்டைக் கொஞ்சம் மெலிவாக்குவார். 'ண'வுக்கு அகலம் கொடுப்பார். அகலத்தைக் கண்டு அஞ்சி நெருக்கியவை எல்லாம் சிறிய அளவில் கறுப்புக் கட்டிகளாகின்றன.

'எ'வும் 'ஏ'வும் ஒரு சிறு சாய்கோட்டால் பிரிகின்றன. 'ஒ', 'ஓ' ஒரு சுழியால். 'ப'வின் இரு அடிமூலைகளையும் முழுதாக வளைத்துவிட்டால் அது ஆங்கில 'யூ'வாகத் தெரியும். மும்மொழிப் பலகையில் இது பெரும் குழப்பம். மூலையை மழுக்கலாம், அழிக்கக் கூடாது. வள்ளங்களில் உள்ள 'ப' அப்படித்தான் இருக்கிறது: தூரிகை திரும்பும் இடத்தில் ஒரு சிறு நிறுத்தம், பிறகு அடுத்த கோடு.

உகர ஊகாரங்களைச் சொல்லாமல் விட முடியாது. 18 மெய்களுக்கும் 'ு', 'ூ' சேரும் வடிவங்கள் 36. அவை ஒரே வாலை எல்லா எழுத்திலும் ஒட்டிச் செய்யக்கூடியவை அல்ல. கு, சு, து, மு, ணு, ரு என்று ஒவ்வொன்றும் தன் வழியில் வளைகிறது. சூசையப்பர் என்ற பெயரின் முதல் எழுத்தை ஒரு கத்தோலிக்கக் கரையூரில் எத்தனை இடங்களில் எழுத வேண்டியிருக்கும்! ஓர் எழுத்துருவை வாங்குமுன் அல்லது இறக்குமுன் அதன் 'சூ'வையும் 'ணூ'வையும் பெரிதாக்கிப் பாருங்கள். வரைந்தவர் தமிழ் எழுதும் கையைக் கவனித்தாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

புள்ளி பற்றி ஒரு வார்த்தை. கோடு தடிக்கும்போது புள்ளியும் பெருக்க வேண்டும், எழுத்திலிருந்து விலகியும் நிற்க வேண்டும். உப்புக்காற்றும் வெயிலும் உள்ள கரையில் பெயின்ற் முதலில் உதிரும் இடம் அதுதான். புள்ளி போனால் 'மன்னார்' என்பதை வாசிக்கவே முடியாது.

சீர்திருத்தத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 1978 இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட மாற்றத்தால் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அவற்றில் 'லை' ஒன்று, 'னா' இன்னொன்று. வங்காலை, மன்னார் என்ற இரு பெயர்களுமே வடிவம் மாறிய பெயர்கள். யானைத் தும்பிக்கைபோல் மேலே வளைந்த பழைய 'லை' இலங்கை அச்சில் அதற்குப் பின்னும் நெடுநாள் இருந்தது. மூத்தவர்களின் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது. உருண்டை எழுத்துருவுக்கு அந்தப் பழைய வடிவம் மிக அழகாகப் பொருந்தும். இன்றைய எழுத்துருத் தொழில்நுட்பம் ஓர் எழுத்துக்கு மாற்று வடிவங்களை உள்ளேயே வைத்திருக்க இடம் தருகிறது. பாடநூலில் புதிய வடிவம், ஊர்ப்பெயர்ப் பலகையில் விரும்பினால் பழைய வடிவம் என்று இரண்டையும் வைத்திருக்கலாம்.

எங்கே வைக்கலாம்

முதல் இடம் முன்பள்ளி. அங்கே ஒரு விதி போதும்: சுவரில் ஒட்டியிருக்கும் எழுத்தும் ஆசிரியை கரும்பலகையில் எழுதும் எழுத்தும் பிள்ளைக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். செய்தித்தாள் எழுத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு வேறு வடிவில் எழுதச் சொல்வது பிள்ளைக்கு இரட்டைச் சுமை. பலூ தம்பி 2 இன் மெல்லிய தடிப்புகள் இதற்கு ஏற்றவை. மிகத் தடித்ததைத் தலைப்போடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாம் நான்காம் வகுப்புக்கு மேல், பந்தி பந்தியாக வாசிக்கும் நூலுக்கு உருண்டைத் தடிப்பெழுத்து கூடாது, கண் களைத்துவிடும்.

இரண்டாவது இடம் வங்காலைப் பறவைகள் சரணாலயம். 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2010 இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த 4,839 ஹெக்டேயர் நிலம் அது. பூநாரைகளைப் பார்க்கப் பாடசாலைப் பிள்ளைகள் வரும் இடத்தில், பறவையின் படத்துக்குப் பக்கத்தில் அதன் தமிழ்ப் பெயரை நட்பான எழுத்தில் பெரிதாக எழுதிவைத்தால் பிள்ளை அதை வாசித்துச் சொல்லும், வீட்டுக்குப் போயும் சொல்லும். பொதுச்சட்டமும் தண்டமும் எழுதிய பலகைக்கு வேறு எழுத்து இருக்கட்டும்.

கடைப்பலகை, திருநாள் பனர், நாட்டுக்கூத்து அறிவித்தல் ஆகியவற்றில் ஊரின் சுவையே தீர்மானிக்கட்டும். புனித ஆனாள் திருவிழாக் கால அறிவித்தல்களில் கடைகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் உருண்டை எழுத்து நன்றாக இருக்கும். திருப்பலி நேரம் சொல்லும் வரிக்குத் தெளிவான, விறைப்பான எழுத்துதான் சரி.

மும்மொழிப் பலகைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிங்கள எழுத்து இயல்பிலேயே உருண்டது. அதன் கீழே கூர்மூலைத் தமிழ் வரும்போது வேற்றாள்போல் தெரிகிறது; உருண்ட முனைத் தமிழ் அதனோடு ஒத்து நிற்கும். ஆனால் 1987 இன் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியான பிறகும் பலகைகளில் தமிழுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிச்ச இடம். தமிழ் வரி அகலமானது. இடம் போதாதபோது பலகை செய்பவர்கள் கணினியில் பக்கவாட்டாக நெருக்கிவிடுகிறார்கள். நெருக்கினால் நிமிர்ந்த கோடு மெலியும், படுத்த கோடு தடித்தபடியே நிற்கும், உருண்ட முனை முட்டைவடிவாகும், சுழிகள் அடைபடும். உருண்டை எழுத்துருவை நெருக்குவது அதைக் கொல்வதற்குச் சமம். அளவைக் குறையுங்கள், இரண்டு வரியாக்குங்கள், மூன்று மொழிக்கும் ஒரே உயரத்தை வைத்துப் பலகையைப் பெரிதாக்குங்கள். நெருக்க மட்டும் வேண்டாம்.

எங்கே வைக்கக் கூடாது

மருந்தின் அளவு சொல்லும் சீட்டில் வேண்டாம். உருண்ட எண்களில் 3, 6, 8 மூன்றும் ஒன்றையொன்று நெருங்கும். நோயாளிக்கான அறிவுரைத் துண்டறிக்கையின் தலைப்பு நட்பாக இருக்கலாம். எத்தனை மில்லி லீற்றர் என்பது நட்பைவிடத் தெளிவைக் கேட்கும் இடம்.

அபாய அறிவித்தலில் வேண்டவே வேண்டாம். போர் முடிந்த 2009 க்குப் பிறகு மன்னார் மாவட்டத்தின் காணிகளில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் சிவப்பில், மண்டையோட்டுடன், மூன்று மொழியிலும் நின்றன. அந்தப் பலகையின் எழுத்து பிள்ளையை அருகே அழைத்துவிடக் கூடாது. எழுத்தின் தோற்றமும் விலகிப் போ என்றே சொல்ல வேண்டும். புயல் எச்சரிக்கைக்கும் இதே நியாயம்.

நினைவுக்கல்லும் அப்படித்தான். 1985 சனவரி 6 இல் வங்காலையில் கொல்லப்பட்ட பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளாரின் பெயரை எழுதும் எழுத்து நிமிர்ந்து நிற்க வேண்டும். இறந்தவர் பெயரைக் கொழுத்த உருண்டை எழுத்தில் எழுதிய அஞ்சலி பனர்கள் இப்போது வடக்கு முழுதும் பெருகிவிட்டன. கடைக்காரர் கணினியில் முதலில் வந்த எழுத்தைத் தட்டியிருப்பார். வீட்டார் துயரத்தில் இருப்பார்கள், கவனிக்க மாட்டார்கள். கவனிக்க வேண்டிய பொறுப்பு அச்சிடுபவருடையது.

செய்ய வேண்டியது

நம் கரையின் கையெழுத்தை முழுதாக உள்வாங்கிய உருண்டைத் தமிழ் எழுத்துரு ஒன்று இன்னும் தேவை. மும்பையிலும் பிரேசிலிலும் போர்த்துக்கல்லிலும் அன்போடு வரைந்தார்கள். அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் 'ர'வின் சாய்கோட்டை எவ்வளவு நீட்டினால் தூரத்திலிருந்து தெரியும் என்பதை அறிந்தவர் வள்ளத்தில் பெயர் எழுதுபவர்தான். டிஜிற்றல் ஸ்ரிக்கர் வந்தபிறகு அந்த வேலை அவர்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பல ஓவியர்கள் தூரிகையை வைத்துவிட்டார்கள்.

வங்காலையின் பாடசாலைப் பிள்ளைகளிடமும் அவர்களின் சித்திர ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வள்ளக்காரரிடமும் ஓவியரிடமும் கேட்டு அனுமதி பெற்று, ஒவ்வொரு பெயரையும் நேர் எதிரே நின்று படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டு, என்ன தூரிகை என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்துகள் கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்று பட்டியல் போடுங்கள். கிடைக்காதவற்றை அந்த ஓவியரையே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய 'லை'யையும் 'னா'வையும் மறக்காமல் கேளுங்கள். எழுதித் தருபவரின் பெயர் எழுத்துருவில் இடம்பெற வேண்டும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இவ்வளவும் சேர்ந்தால் ஓர் எழுத்துரு வடிவமைப்பாளருக்கு வேலை தொடங்கப் போதும். வள்ளங்களைச் சுரண்டிப் புதுப் பெயின்ற் அடிப்பதற்கு முன் செய்துவிடுங்கள்.